கதிர்வீச்சுக்குப் பிறகு உலரும் கண்: சீரம் சொட்டா, ஸ்கிளீரல் லென்ஸா?

சைனஸ், கண்குழி போன்ற இடங்களில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது பக்கத்திலிருக்கும் கண்ணீர்ச் சுரப்பியும் அடி வாங்குகிறது. அதன் மேல் விழும் அளவு 50, 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று போனால் கண் கடுமையாக வறண்டுபோகும். இமையோர எண்ணெய்ச் சுரப்பிகளும் கெடுவதால் மிச்சமிருக்கும் கண்ணீரும் சீக்கிரம் ஆவியாகிவிடும்.

எல்லோரும் முதலில் வாங்குவது செயற்கைக் கண்ணீர். சரி, வாங்கலாம். ஆனால் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் (மருந்தில் கிருமி வளராமல் காக்கும் ரசாயனம்) கலந்த சொட்டை மணிக்கொரு தரம் விட்டால் புண்பட்ட கருவிழி இன்னும் கெடும். பிரிசர்வேட்டிவ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் பிளக். ஓரளவு சுரப்பு இருந்தால் உதவும். சுத்தமாக வற்றிவிட்டால், காய்ந்த கண்மாய்க்கு மடையை அடைத்த கதைதான்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும்தான்.

சீரம் சொட்டு நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து தயாராவது. ரத்தத்தை உறையவிட்டு, சுழற்றிப் பிரித்து, தெளிந்து நிற்கும் நீரான சீரத்தைப் பெரும்பாலும் 20 சதவீதமாக உப்புநீரில் கலக்கிறார்கள். வைட்டமின் ஏ, ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம், வளர்ச்சிக் காரணிகள் என்று புண்ணை ஆற்றும் சரக்கு அதில் உண்டு; செயற்கைக் கண்ணீரில் அது கிடையாது. ஆனால் கீமோவும் சேர்ந்து நடந்து ரத்தசோகையில் இருப்பவரிடம் திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பது எப்படி? குளிர்ப்பெட்டியும் கட்டாயம். கவனம் பிசகினால் பாட்டிலில் கிருமி வளரும்.

ஸ்கிளீரல் லென்ஸ் என்ற பெரிய காண்டாக்ட் லென்ஸ் வெள்ளைவிழியில் உட்கார்ந்து, கருவிழியைத் தொடாமல் மூடுகிறது. இடைவெளியில் உப்புநீர் நிற்பதால் கருவிழி பகல் முழுக்க நனைந்தே இருக்கும், இமையும் அதில் உரசாது. மேடுபள்ளமான பரப்பை அந்த நீர் நிரப்புவதால், லென்ஸ் போட்டதுமே பார்வையும் பலருக்குத் தெளிகிறது. சீரத்தால் இது முடியாது. விலைதான் கையைக் கடிக்கும். மாட்டவும் கழற்றவும் பழக வேண்டும். தூங்கும்முன் கழற்றிவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் அதில் படவே கூடாது. கை நடுங்கும் முதியவருக்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

ஆறாத புண் இருக்கும் கட்டத்தில் நான் சீரத்தின் பக்கம். அது ஆறியபின் வருடக்கணக்கில் தொடரும் கூச்சத்துக்கும் உறுத்தலுக்கும் என் ஓட்டு லென்ஸுக்கு, விலையையும் மீறி.

கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும், அதன் விளிம்பிலுள்ள ஸ்டெம் செல்களும் அழிந்திருந்தால் இரண்டுமே தடுமாறலாம். புண் மூடவே மறுக்கிறது என்றால் இமைகளை ஓரமாகச் சேர்த்துத் தைப்பார்கள். பார்க்கச் சங்கடம்தான், ஆனால் கண் தேறினால் அந்தத் தையலைப் பிறகு பிரித்துவிடலாம்.