பொறியில் விழுந்த குளவியா, புழுவிலிருந்து வளர்த்த குளவியா?

வேறு பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ வளர்ந்து அதைத் தின்று தீர்ப்பது ஒட்டுண்ணிக் குளவி. அதற்குப் பெயர் கண்டுபிடிக்க முதலில் அது கைக்கு வர வேண்டும். சோப்புத் தண்ணீர் ஊற்றிய மஞ்சள் தட்டையோ பறக்கும் பூச்சிகளைத் தடுத்துப் பிடிக்கும் வலைக் கூடாரமான மலேஸ் பொறியையோ வைத்து, விழுவதை அள்ளலாம். இல்லையென்றால் கம்பளிப்பூச்சியையோ முட்டைக் குவியலையோ கொண்டுவந்து, உள்ளிருந்து குளவி வரும்வரை வளர்க்கலாம். மூன்று வருடம் பொறி வைத்தவன் நான். இப்போது பெரும்பாலும் வளர்ப்புதான்.

எண்ணிக்கையில் பொறியை மிஞ்ச முடியாது, உழைப்பும் குறைவு. குடும்பம், பெருங்குடும்பம் அளவில் பிரிக்க அது தாராளம்: உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்து, இறகில் நரம்பே ஏறக்குறைய இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் கால்சிட் என்ற சிறு குளவிகளின் பெருங்குடும்பம்தான்.

இனம்வரை போகும்போதுதான் கை கட்டிப்போகிறது. பூச்சி முட்டைக்குள் வளரும் கால்சிட்டான டிரைக்கோகிரம்மா ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் இனம் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். தட்டில் ஒற்றைப் பெண் மட்டும் விழுந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். வேறு பல கால்சிட்களில் நேர்மாறு, பெண்ணை வைத்தே அடையாளக் குறிப்பு எழுதியிருப்பார்கள். முட்டைக் குவியலை வளர்த்தால் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே வரும்.

அதைவிடப் பெரிது, எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற விவரம். கோஸ்டாரிகாவில் வளர்த்துச் சேர்த்த மைக்ரோகாஸ்ட்ரினே குளவிகள் (கம்பளிப்பூச்சிகளுக்குள் வளரும் ஒரு துணைக்குடும்பம்) உருவத்தால் 171 இனம் என்று கணக்காயின. டி.என்.ஏ பார்கோடையும் (இனத்தை அடையாளம் காட்டும் ஒரு சிறு மரபணுத் துண்டு) புழுவின் பெயரையும் சேர்த்துப் பார்த்ததில், 2008இல் அது 313 ஆனது. கண்ணுக்கு ஒரே குளவி, உண்ட புழு வேறு. பொறிக் குளவியில் இந்த விவரம் பிறகு பெரும்பாலும் கிடைக்காது.

வளர்ப்பிலும் ஏமாறலாம். ஒரே டப்பாவில் இரண்டு புழு போட்டு, எதிலிருந்து குளவி வந்தது என்று தெரியாமல் ஒரு மாத வேலையை வீணாக்கியிருக்கிறேன். இப்போது குப்பிக்கு ஒரு புழு, தினமும் புது இலை. ஈரம் கூடினால் பூஞ்சை. வெளிவந்த குளவியை ஒருநாள் உயிரோடு விட்டுவிடுகிறேன், உடனே கொன்றால் இறகு சுருங்கிப்போகும்.

குளவியின் புழு தன்னைச் சுற்றிப் பின்னிய கூடு காலியானாலும் எறிவதில்லை. மைக்ரோகாஸ்ட்ரினே குளவி கூட்டின் முனையை வட்டமாக வெட்டி, மூடிபோல் திறந்துகொண்டு வெளியே வரும். ஓட்டை கோணல்மாணலாகக் கடித்ததுபோல் இருந்தால் வந்தது வேறொரு குளவி, ஒட்டுண்ணியையே தின்ற ஒட்டுண்ணி. கூடு இல்லாமல் போயிருந்தால் அதையே கம்பளிப்பூச்சியின் எதிரி என்று எழுதிவைத்திருப்பேன்.

பார்கோடு சோதனைக்கு நான் அனுப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். மரம் துளைக்கும் புழுக்களையும் வளர்த்ததில்லை. கட்டைக்குள் இருப்பதை எப்படி எடுப்பது? அவற்றின் குளவிகளுக்காக இன்றும் கூடாரப் பொறியைத்தான் விரிக்கிறேன்.