வேலூர் வெயிலுக்கு ஆயில் கூலரை எங்கே மாட்டுவது?

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனி ஆயில் கூலர், அதாவது இன்ஜின் ஆயிலின் சூட்டைத் தணிக்கும் சாதனம், போடுகிறவர்கள் பிராண்டைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். மாட்டும் இடம் அதைவிட முக்கியம்.

வழக்கமான இடம் ரேடியேட்டருக்கு முன்னால். நேர்க்காற்று கிடைக்கும், ஹோஸ் நீளம் குறைவு, செலவும் குறைவு. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும்வரை குறை தெரியாது. கிரீன் சர்க்கிள் நெரிசலில் தெரிந்துவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் ஏற்கெனவே ஏசி கண்டன்சர், அதாவது ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் பாகம், இருக்கிறது. மே மாதத்தில் இந்த ஊரில் ஏசியை அணைக்க யாருக்கு மனசு வரும்? மூன்றும் வரிசையாக நின்றால், முன்னது விட்ட சூட்டைப் பின்னது வாங்கும். ஆயில் 110 டிகிரி, காற்று 42 என்றால் வித்தியாசம் 68. கண்டன்சரைத் தாண்டி வரும் காற்று 57 ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சுவது 53. கூலரின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. சரி, கண்டன்சருக்கும் முன்னால் வைத்தால்? ஆயிலின் சூடு ஏசிக்குப் போகும்.

என் தேர்வு முன் ஃபெண்டரின், அதாவது முன்சக்கரத்தை மூடியிருக்கும் பாடித் தகட்டின், உட்புறம். போர்ஷே 911இன் 964, 993 மாடல்களில் இன்ஜின் பின்னால் இருந்தும், ஆயில் கூலரை வலது முன் ஃபெண்டருக்குள்தான் வைத்தார்கள். பம்பரில் ஒரு வாய் திறந்து, அங்கிருந்து கூலர்வரை அடைப்பான டக்ட் (காற்றுக் குழாய்) கொடுக்க வேண்டும். காற்று வெளியே போகச் சக்கரத்தின் உள் லைனரில் துளைகளும் வேண்டும். பலர் உள்ளே வரும் வழியை மட்டும் வெட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். போக வழியில்லாத காற்று உள்ளேயும் வராது. கட்டாயம் ஒரு ஃபேன் வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் இருக்காது, இன்ஜின் மட்டும் கத்தும். கல் அடிக்காமல் இருக்க வலையும் போடுங்கள். செலவு கூடத்தான்.

இன்ஜின் பக்கத்திலேயே மாட்டும், ஆயிலின் சூட்டை ரேடியேட்டர் தண்ணீருக்குக் கடத்தும் தண்ணீர்வழி கூலர் ஊருக்குள் ஓட்டுபவருக்குப் போதும். காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்கியும் தரும். ஆனால் சுமை முழுக்க ரேடியேட்டர் தலையில். வண்டிக்கு அடியில் மாட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். நம் ஸ்பீடு பிரேக்கர்கள் விட்டுவைக்காது.

எங்கே மாட்டினாலும், ஆயில் சூடான பிறகே அதைக் கூலருக்கு விடும் தெர்மோஸ்டாட் வையுங்கள். ஹோஸ் இணைப்புகள் மேல்நோக்கி இருக்கட்டும். கீழ்நோக்கி வைத்தால் உள்ளே காற்று தங்கி, கூலரின் ஒரு பகுதி வேலையே செய்யாது.