லைப்போசக்சனுக்குப் பிறகு இறுகிப்போன வயிறு: பெல்ட்டா, தடவலா, மெஷினா, சும்மா விடுவதா?

லைப்போசக்சன், அதாவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன், செய்துகொண்டவர்களுக்கு முதல் வாரத்தை விட மூன்றாவது வாரத்தில்தான் பயம் அதிகம். முதல் வாரம் வீக்கமும் வலியும் இருக்கும் என்று டாக்டரே சொல்லி அனுப்பியிருப்பார். வீக்கம் கொஞ்சம் இறங்கி, கன்றிய நீலம் மஞ்சளாகி மறையும் நேரத்தில் தொட்டுப் பார்த்தால் அடிவயிறு பலகை மாதிரி கிடக்கும், அங்கங்கே நெல்லிக்காய் அளவில் முடிச்சு, கிள்ளினால் உணர்ச்சி இல்லை. உடனே ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும். நம்ம திருநெல்வேலிப் பக்கம் கேட்கவே வேண்டாம்: ஒருத்தர் பெல்ட்டை இன்னும் இறுக்கச் சொல்வார், எதிர்வீட்டு ஆச்சி எண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், இன்னொருத்தர் குற்றாலத்தில் சீசன் நல்லா இருக்கு, அருவியில் நின்றால் எல்லாம் கரைந்துவிடும் என்பார்.

எது தேவலை என்று பார்ப்பதற்கு முன், அந்த இறுக்கம் என்ன என்று தெரிய வேண்டும். கொழுப்பை உறிஞ்சும் குழாய் தோலுக்கு அடியில் நிறைய சின்னச் சின்னச் சுரங்கம் போட்டுவிட்டுப் போகிறது. அதில் ரத்தமும் நீரும் கசிந்து நிற்கும். உடம்பு அந்த இடத்தை மூட ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை அனுப்பி கொலாஜன் நாரைப் போடும். முதலில் போடுவது அவசர நார், மூன்றாம் வகை கொலாஜன், தாறுமாறாகக் கிடக்கும். அதைப் பிறகு மெதுவாக எடுத்துவிட்டு முதலாம் வகை கொலாஜனை ஒழுங்காக அடுக்கும். கையில் தட்டுப்படும் இறுக்கம் பெரும்பாலும் இந்த அவசர நாரும் மிச்ச வீக்கமும்தான். அதாவது ஆறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். பெரும்பாலானவர்களுக்கு 3 மாதத்துக்குள் நன்றாக இளகிவிடும், முழு வடிவம் தெரிய 6 மாதம் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும். மரத்துப்போன தோலில் உணர்ச்சி திரும்புவதும் சில வாரங்களில் இருந்து சில மாதம் வரை இழுக்கும்.

சரி, இப்போது பெல்ட். இதில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் இரண்டு வேறு சாமானை ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். ஒன்று, பிரசவம் ஆனவர்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கட்டும் வயிற்று பெல்ட். இன்னொன்று, மார்புக்குக் கீழே ஆரம்பித்துத் தொடை வரை வரும் கம்ப்ரெஷன் கார்மெண்ட். முதலாவது விலை குறைவு, போடவும் கழற்றவும் சுலபம், ஆனால் உட்கார்ந்ததும் சுருண்டு மேலே ஏறும். சுருண்ட இடத்தில் தோல் மடிப்பு விழுந்து, அந்த மடிப்போடேயே உள்ளே நார் பிடித்தால் கோடாக நின்றுவிடும். வயிற்றை மட்டும் அமுக்குவதால் நீர் கீழே இறங்கி மர்ம உறுப்பு வீங்கும், அதைப் பார்த்து வெலவெலத்துப் போய் நடுராத்திரி டாக்டருக்குப் போன் போட்டவர்கள் உண்டு. கார்மெண்ட் சீராக அமுக்கும், அதனால் அதுதான் என் ஓட்டு. ஆனால் நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தொடை இடுக்கில் வியர்வை தேங்கி படர்தாமரை வந்தால் அது தனி வைத்தியம். உள்ளே தையல் இல்லாத மெல்லிய பருத்திப் பனியன், மாற்றிப் போட இரண்டாவது செட், இந்த இரண்டும் ஆடம்பரம் இல்லை. துவைத்ததை மொட்டைமாடி வெயிலில் போடாதீர்கள், எலாஸ்டிக் போய்விடும், நிழலில் காயட்டும். இன்னொன்று: முதல் மாதம் போட்ட அதே சைஸ் வீக்கம் இறங்கியபின் தொளதொளவென்று ஆகிவிடும், அப்போது அதைப் போட்டும் பயனில்லை.

எவ்வளவு இறுக்கம், எவ்வளவு நாள் என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. பொதுவாக 4 முதல் 6 வாரம் என்பார்கள். மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்புநீரை ஏற்றிக் கொழுப்பை எடுக்கும் ட்யூமசென்ட் முறையை 1987இல் வெளியிட்ட கலிபோர்னியா தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் வேறு மாதிரி சொன்னார்: குழாய் நுழைத்த சின்ன வெட்டுவாய்களைத் தைக்காமல் திறந்து விடு, நீர் வடியும் வரை நன்றாக இறுக்கு, வடிவது நின்றதும் அழுத்தத்தைக் குறை. காரணம் நியாயமானது, அதிக அழுத்தம் நீண்ட நாள் இருந்தால் நிணநீர் ஓட்டமே தடைபடும். தைத்துவிட்டவர்களுக்கு நீர் உள்ளேயே நின்று மெதுவாகத்தான் வற்றும், திறந்து விட்டவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் படுக்கையெல்லாம் ஈரம், ஆனால் வீக்கமும் கன்றலும் குறைவு. உங்கள் டாக்டர் எந்தக் கட்சி என்று கேட்டு அவர் சொன்னபடி போடுங்கள். நீங்களாக இன்னும் ஒரு கொக்கி உள்ளே இழுப்பதால் எதுவும் சீக்கிரம் இளகாது.

அடுத்தது தடவல், நம்ம ஊரில் சண்டையே இதில்தான். நிணநீர் மசாஜ் என்பது 1930களில் டென்மார்க்காரர் எமில் வோடர் உருவாக்கிய முறை. பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், தோலை லேசாக நகர்த்திவிட்டு விடுகிறார்களே, இதற்கா காசு என்று தோன்றும். நிணநீர்க் குழாய்கள் தோலுக்கு ஒட்டியே இருப்பதால் அந்த அளவு போதும், அழுத்தினால் அவை நசுங்கும். தொப்புளுக்குக் கீழே உள்ள நீர் தொடை இடுக்குக் கணுக்களுக்கும், மேலே உள்ளது அக்குளுக்கும் போகும், அந்தத் திசையில்தான் கை போக வேண்டும். வீக்கத்துக்கும் பாரத்துக்கும் இதில் நல்ல சுகம் கிடைக்கிறது என்று செய்தவர்கள் சொல்கிறார்கள். நார் கரைவதற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வு பலம் கிடையாது.

எதிர்ப்பக்கம் நம்ம எண்ணெய்த் தடவல். மதுரையில் ஆபரேஷன் முடித்து பாளையங்கோட்டை வந்த எங்கள் மதினியிடம் ஒரு ஆச்சி, "நல்லா உருவி விட்டா கட்டி உடைஞ்சிரும் தாயி, நீ படு" என்று கையை மடக்கிக்கொண்டு நின்றார். மதினி நல்லவேளை படுக்கவில்லை. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அழுத்தி உருவினால் புதிதாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் பிய்ந்து மறுபடி ரத்தம் கசியும், உடம்பு மறுபடி அவசர நார் போடும். எந்த இறுக்கத்தைக் கரைக்கப் போனோமோ அதையே கூட்டிக்கொண்டு வருவோம். மரத்த தோலில் வலியும் தெரியாது என்பதால் எங்கே நிறுத்துவது என்று சொல்ல நமக்கே முடியாது. இதைச் சொன்னால் சித்த வைத்தியத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தொக்கணம் என்ற சித்த மருத்துவத் தடவல் முறையை முறையாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஆபரேஷன் ஆனதைச் சொல்லிவிட்டுப் போனால் போதும். ஆறேழு வாரம் கழிந்து, காயம் முழுக்க மூடி, டாக்டரும் சரி என்றபின் மிதமான எண்ணெய்த் தடவலால் கெடுதல் இல்லை. ஆக, ஆச்சியின் வைத்தியம் அடியோடு தப்பு இல்லை, வந்த நேரம்தான் தப்பு. அப்புறம், வெட்டுவாய் வழியே நீரைப் பிதுக்கி எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அது மசாஜே இல்லை.

அருவியும் அதே கணக்குத்தான். மரத்த, கன்றிய இடத்தில் தண்ணீர் அறைவது அழுத்தி உருவுவதற்குச் சமம், வெட்டுவாய் மூடாமல் அருவியிலோ தாமிரபரணியிலோ இறங்கினால் கிருமி வேறு. சீசன் அடுத்த வருஷமும் வரும். சுடுதண்ணீர்ப் பையும் வேண்டாம், உணர்ச்சி இல்லாத தோல் வெந்துபோவது தெரியாது.

மெஷின் சங்கதி சுருக்கமானது. பிசியோதெரபியில் தரும் அல்ட்ராசவுண்ட், 3 மெகாஹெர்ட்ஸ் மேலாகவும் 1 மெகாஹெர்ட்ஸ் ஆழமாகவும் போகும், தெரிந்தவர் கையில் ஆபத்து குறைவு, பலனுக்கான ஆதாரமும் குறைவு. பத்து சிட்டிங் பேக்கேஜுக்குக் காசு கட்டுவதை விட அந்தப் பணத்தில் சரியான சைஸில் இரண்டாவது கார்மெண்ட் வாங்கலாம் என்பேன். பணம் கொடுக்க வேண்டிய அல்ட்ராசவுண்ட் என்றால் அது ஸ்கேன்தான்: ஒரு இடம் மட்டும் தட்டினால் நீர்ப்பை மாதிரி அலையடித்தால் அது நார் இல்லை, செரோமா. சின்னதாக இருந்தால் தானே வற்றலாம், பெரிதென்றால் டாக்டர் ஊசி வைத்து எடுக்க வேண்டும், நீங்களாகத் தடவியோ பெல்ட்டை இறுக்கியோ காத்திருக்க வேண்டாம்.

சும்மா விடுவதும் ஒரு வைத்தியம்தான், ஆனால் படுத்துக் கிடப்பது அதில் சேராது. முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடக்க வேண்டும். சென்னையில் செய்துகொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கக் கால் மடக்கி வருவதெல்லாம் முதல் வாரத்தில் வேண்டாம், காலில் ரத்தம் உறைய வாய்ப்பு. வர வேண்டிய கட்டாயம் என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இடையிடையே எழுந்து நடந்து வாருங்கள். சாப்பாட்டில் நம்மவர்கள் முட்டை, மீன் போட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைத்துக் கஞ்சியைக் கொடுப்பார்கள், கொலாஜன் கட்ட உடம்புக்குப் புரதம் வேண்டியிருக்கும் நேரத்தில் அதையே நிறுத்துவது! முட்டை, மீன், பருப்பு தாராளமாகச் சாப்பிடலாம், குறைக்க வேண்டியது கருவாடு, அப்பளம், ஊறுகாயில் இருக்கும் உப்பு. பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்குக் காயம் ஆறுவது தாமதம், அதற்கு எந்த பெல்ட்டும் ஈடு கட்டாது.

6 மாதம் தாண்டியும் ஒரு முடிச்சு அப்படியே நின்றால் அப்போது டாக்டர் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி பற்றிப் பேசுவார். நாரை இளக்கும், ஆனால் அளவு மிஞ்சினால் அந்த இடம் குழி விழும், தோல் மெலியும், அதனால் சின்ன இடத்துக்குச் சின்ன டோஸ்தான். மறு ஆபரேஷன் பேச்சையும் அந்த 6 மாதத்துக்கு முன் எடுக்கக் கூடாது. ஆனால் இறுகிய இடம் சிவந்து சூடாகிப் பரவினால், காய்ச்சலோ நாற்றமடிக்கும் நீரோ வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அவருக்குப் போன் போட்டுக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.