பாஞ்சோவின் இரண்டாம் தந்தி: மூன்று வருடச் சண்டை

அக்கா மகன் இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து போன வாரம் கேட்டான்: "மாமா, ஐந்து தந்தி பாஞ்சோ விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா?" ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அன்று மத்தியானம்தான் என்னுடைய பாஞ்சோ (கிட்டார் மாதிரிதான், வட்ட உடம்பில் தோல் போர்த்தியிருக்கும்) ரிப்பேரிலிருந்து வீடு திரும்பியிருந்தது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டாரில் ஒழுங்காக ஒரு மேஜர் கார்ட் (சில சுரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் பிடி) பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. விரல் நுனி காய்த்ததுதான் மிச்சம். பாஞ்சோவில் இடது கைக்கு வேலையே இல்லை. ஐந்தாம் தந்தியிலிருந்து ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி சேர்த்து அப்படியே மீட்டினால் ஜி மேஜர் வந்துவிடும். ச, அந்தர காந்தாரம், ப, அவ்வளவுதான் சங்கதி. ஆள்காட்டி விரலை ஐந்தாம் மெட்டில் (ஃப்ரெட், கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) நான்கு தந்திக்கும் குறுக்கே படுக்க வைத்தால் சி மேஜர். ஏழாம் மெட்டில் டி மேஜர். (டி வாசிக்கும்போது மட்டும் அந்தக் குட்டை ஐந்தாம் தந்தி ஒட்டாமல் கூவும், கட்டைவிரலை அதன் பக்கம் விடாதீர்கள்.) வாங்கிய அன்று ராத்திரியே மூன்று கார்ட் என் கையில். 2,800 ராண்டுக்கு, அதுவும் பழசுக்கு, இவ்வளவு சந்தோஷம் வேறு எதில் கிடைக்கும்?

அந்தச் சந்தோஷம் பத்து நாள் நீடித்தது. லோட்ஷெடிங்கில் கரண்ட் போன ஒரு ராத்திரி. டிவி இல்லை, ஃபிரிட்ஜ் இரைச்சல் இல்லை. அம்மா கோயிலில் தேவாரம் பாடுகிறவர், தம்பூரா கேட்டுக் கேட்டுப் பழகிய காது. இருட்டில் உட்கார்ந்து என் ஜி மேஜரைக் கேட்டார். "காந்தாரம் தூக்கிக்கிட்டு நிக்குதுடா" என்றார்.

போனில் இருக்கும் ட்யூனரைக் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. "விளக்குக்குக் காது இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அம்மா சொன்னதுதான் சரி. மூன்றாம் தந்தி ஜி 196 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் இயற்கையான காந்தாரம் ஐந்துக்கு நான்கு விகிதம், அதாவது 245. ட்யூனர் பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் பங்கு போடுவதால் இரண்டாம் தந்தி பி-யை 246.9-இல் நிறுத்துகிறது. இரண்டு ஹெர்ட்ஸ்தானே என்று நானும் நினைத்தேன். தெரியாதவரை அது ஒன்றுமில்லை. ஒரு முறை காதில் பட்டுவிட்டால் செருப்புக்குள் மணல் புகுந்த மாதிரி.

தந்தியை முறுக்கும் பிரடையை ஒரு மயிரிழை தளர்த்தினேன். அடடா! ஜி மேஜர் தேனாக இனித்தது. குறுக்குவிரல் போட்ட சி-யும் டி-யும்கூட இனித்தன, ஏனென்றால் அங்கேயும் இரண்டாம் தந்திதான் காந்தாரம். வினை எங்கே வந்தது என்றால், புத்தகங்களில் போட்டிருக்கிற சி மேஜரில். இரண்டாம் தந்தியில் முதல் மெட்டு, நான்காவதிலும் முதலாவதிலும் இரண்டாம் மெட்டு, மூன்றாவது சும்மா. இந்தப் பிடியில் காந்தாரமாக இருந்த அதே தந்தி சட்ஜமாகிவிடுகிறது. 261.6 வர வேண்டிய இடத்தில் 259.6. சட்ஜமே இறங்கிப்போனால் மற்ற சுரங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? தந்தியை ஏற்றினால் ஜி கெடுகிறது, இறக்கினால் சி கெடுகிறது. மூன்று வருடமாக இதே பஞ்சாயத்து.

ஒரு வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. தந்தியைப் பாதி மட்டும் இறக்கிவிட்டு, சி பிடிக்கும்போது முதல் மெட்டில் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் சுரம் ஏறி இடத்துக்கு வந்துவிடுகிறது. "அழுத்தாதே" என்று பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நான் அழுத்துகிறேன். வீணைக்காரர்கள் தந்தியை இழுத்துச் சுரம் ஏற்றுவதில்லையா?

இனி ரிப்பேர் கதை. டர்பன் கடற்காற்றில் இரும்புத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். நான் புத்தியில்லாமல் ஐந்தையும் ஒரே நேரத்தில் கழற்றினேன், தோலின் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை விழுந்துவிட்டது. அதைப் பிடித்து வைத்திருப்பது தந்தியின் அழுத்தம் மட்டும்தான், பசையோ ஆணியோ கிடையாது. கடைக்காரர் கண்ணளவில் நிறுத்தி, தந்தி மாட்டி, 350 ராண்ட் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் சுரம் ஏறி நிற்கிறது. அதே இடத்தில் விரலால் தொட்டெடுத்தால் வரும் மணியோசையோடு அது ஒன்றிப்போக வேண்டும். குதிரையை இரண்டு மில்லிமீட்டர் பின்னால், வால் பக்கம் நகர்த்தினேன். சரியாகிவிட்டது. பென்சிலால் அடையாளமும் போட்டிருக்கிறேன். கடைக்காரர் செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிட வேலை. ஆனால் குதிரையை விழவைத்தது நான், அதையும் சொல்ல வேண்டும்.

மருமகனுக்கு இந்த ஆசை வந்தது கேப் டவுனில் ஜனவரி 2 க்ளோப்ஸ் ஊர்வலம் (புத்தாண்டுப் பாட்டுக் குழுக்களின் ஊர்வலம்) பார்த்து. கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்க அடிமைகளின் கையில் உருவாகி, 19ஆம் நூற்றாண்டில் மினிஸ்ட்ரல் என்ற மேடைப் பாட்டுக் குழுக்களோடு கேப்புக்குக் கப்பலேறி வந்த வாத்தியம் இது. இந்தியாவிலிருந்து நம் ஆட்கள் டர்பனில் வந்து இறங்கியதும் அதே நூற்றாண்டில்தான், 1860-இல். ஊர்வலத்தில் கோமா மத்தளமும் ட்ரம்பெட்டும் சேர்ந்து முழங்கும்போது இரண்டாம் தந்தியைப் பற்றி யாருக்குக் கவலை? டர்பன் சாட்ஸ்வர்த்தில் அடுத்த வீட்டோடு ஒரே சுவரைப் பங்குபோடும் வீட்டில் கதை வேறு. தோலுக்குப் பின்னால் ஒரு பழைய துண்டைத் திணித்து வாசிக்கிறேன். சத்தம் பாதியாகும், காந்தாரம் மட்டும் குறையாது.

அதனால் மருமகனே, வாங்காதே. கிட்டார் வாங்கு. இல்லை, ஒரு சுருதிப்பெட்டியோடு நிறுத்திக்கொள். "உன்னுடையதையாவது கொடேன் மாமா" என்று கேட்காதே. சனிக்கிழமை புதுத் தந்தி மாட்டப் போகிறேன், இந்த முறை ஒவ்வொன்றாக.