மழைநீரை அளக்க 500 ரூபாய் பிஎச் பேனா போதுமா?

மீன்தொட்டிக்காரர்களுக்காக ஆன்லைனில் விற்கும் மஞ்சள் நிற பிஎச் பேனாவை, அமில மழை பெய்கிறதா என்று பார்க்கவும் பலர் வாங்குகிறார்கள். பிஎச் என்பது நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும். போதும்தான், ஆனால் பெட்டியில் வரும் குறிப்புத்தாளை மட்டும் நம்பினால் தப்பான எண்தான் கிடைக்கும்.

கார்பன் டை ஆக்சைடு கரைவதால் சுத்தமான மழைக்கே பிஎச் 5.6 அளவில்தான் இருக்கும். நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடு மேகத்துளியில் கந்தக அமிலமாகவும், வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகவும் மாறும்போது அது மேலும் இறங்கும். 5.6 என்பது 4.6 ஆனால் அமிலம் பத்து மடங்கு. லிட்மஸ் தாளை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். நமக்கு வேண்டிய இடத்தில்தான் அதன் நிறம் இரண்டுங்கெட்டானாக நிற்கும்.

பேனாவில் 6.86, 4.01 என இரண்டு பஃபரில் (பிஎச் எவ்வளவு என்று முன்பே தெரிந்த கரைசல்) கேலிபரேஷன், அதாவது எண்ணைச் சரிசெய்துகொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஒரே ஒரு திருகு மட்டும் உள்ள மாடல் வேண்டாம். பஃபர் பொடியை 250 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, முதலில் 6.86, பிறகு 4.01. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: நுனியில் ஒட்டிய ஒரு சொட்டு பஃபர் போதும், மழைநீரின் அளவையே மாற்றிவிடும். மூன்று முறை அலசுங்கள், கடைசி அலசல் அந்த மழைநீரிலேயே. டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

மழைநீரில் அயனிகள் குறைவு என்பதால் எண் லேசில் நிற்காது. குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் என்றால் இதில் நான்கைந்து நிமிடம்கூட ஆகும். 100 மில்லிக்கு 0.1 கிராம் அளவில் சுத்தமான பொட்டாசியம் குளோரைடு போட்டால் சீக்கிரம் நிலைக்கும். சமையல் உப்பு கூடாது. திரையில் வரும் இரண்டாவது தசம எண் வெறும் அலங்காரம். துல்லியம் ±0.1 என்றாலே அமில அளவில் சுமார் 25 சதவீதம் முன்னே பின்னே இருக்கும்.

மாடிக் குழாயில் பிடித்த நீரை அளக்கவே அளக்காதீர்கள். சிமெண்டின் சுண்ணாம்பு பிஎச்சை ஏற்றிவிடும். சோப்பு படாத பிளாஸ்டிக் பாத்திரத்தை, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், மழை தொடங்கிய பிறகு வையுங்கள். அன்றைக்கே அளந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கண்ணாடி நுனியை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்தால் அது சீக்கிரம் கெட்டுப்போகும். மூடியில் 3 மோலார் செறிவுள்ள பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு இருக்கட்டும்.

பேனாவால் சொல்லவே முடியாத ஒன்று உண்டு. நம் நாட்டுப் புழுதியில் கால்சியம் கார்பனேட் அதிகம். அது அமிலத்தை வழியிலேயே முறித்துவிடும். 6.5 என்று காட்டினால் கந்தகமே வரவில்லை என்று அர்த்தமில்லை, முறிந்தது போக மிச்சம் எவ்வளவு என்பதுதான் அந்த எண். முறிந்த அமிலம் உப்பாக நீரிலேயே கரைந்திருக்கும். அதனால் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவும் சேர்ந்த காம்போவை வாங்குவதே மேல். முதல் பத்து நிமிட மழையைத் தனியாகவும் அடுத்ததைத் தனியாகவும் பிடித்து, இரண்டு பேனாவாலும் அளந்து, பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பொட்டாசியம் குளோரைடு போடுவதற்கு முன்பே டிடிஎஸ் பார்த்துவிட வேண்டும்.