மாதச் சந்தா கட்டி ஆடிய ஐந்தாண்டுகள்

2019ஆம் ஆண்டின் நடுவில் ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற இணையவழி ஆட்டத்திற்குச் சந்தா கட்டத் தொடங்கினேன். இடையிடையே நிறுத்தி வைத்த காலம் போக, 38 மாதங்களுக்குப் பணம் செலுத்தியிருக்கிறேன். ஓர் உலகில் (அதாவது, ஒரு சர்வரில்) ஒரே கதாபாத்திரம் போதும் என்பவர்களுக்கான தொடக்கநிலைச் சந்தா 30 நாள்களுக்கு 12.99 டாலர், எட்டு வரை வேண்டுவோருக்கு 14.99 டாலர். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்காக வங்கி பிடிக்கும் கட்டணத்தையும் சேர்த்தால், மாதந்தோறும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. மொத்தம் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. விளையாட்டுக்கா இவ்வளவு என்று வீட்டில் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை.

பதிலைத் தேடியபோது, அதற்குமுன் கைப்பேசியில் நான் ஆடிய ஓர் இலவச ஆட்டம்தான் நினைவுக்கு வந்தது. பெயர் வேண்டாம். அங்கே நுழைவதற்குக் காசில்லை; ஆனால் தோற்ற ஒவ்வொரு முறையும் 89 ரூபாய்க்கோ 449 ரூபாய்க்கோ ஒரு பெட்டி கண்முன் வந்து நிற்கும், அதற்குள் என்ன இருக்கிறது என்பது வாங்கிய பிறகே தெரியும். ஈராண்டில் எவ்வளவு கொடுத்தேன் என்று கணக்குப் பார்க்க நான் துணியவே இல்லை. சந்தாவில் எனக்குப் பிடித்தது அதன் மலிவு அன்று, வரம்புதான்: இந்த மாதம் இவ்வளவு, இதற்கு மேல் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

வாங்குகிற பணத்திற்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும் என்பது இன்னொரு வேறுபாடு. இதே ஆட்டம் 2010 செப்டம்பரில் முதலில் வெளிவந்தபோது அத்தனை மோசமாக இருந்ததால், மாதக் கட்டணத்தை நிறுவனமே தள்ளி வைத்தது. பிறகு சர்வர்களை மூடி, ஆட்டத்தைப் புதிதாகக் கட்டி, 2013 ஆகஸ்டில் மீண்டும் திறந்தது. 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் என்ற விரிவாக்கம் (ஆட்டத்தோடு சேரும் புதிய பெரிய பகுதி) வந்து சர்வர்கள் கூட்டத்தால் திணறியபோதோ, புதிய பிரதிகளின் விற்பனையையே நிறுத்தி, சந்தாதாரர்களின் கணக்கில் 21 நாள்களை இலவசமாகச் சேர்த்தது. நாள் கணக்கில் பணம் வாங்குகிறவர்களால்தான் நாள் கணக்கில் ஈடுகட்டவும் முடிகிறது.

புதிய உள்ளடக்கம் தீர்ந்துவிட்டால் சந்தாவை நிறுத்திவிட்டு, அடுத்தது வரும்போது திரும்பி வாருங்கள் என்று இந்த ஆட்டத்தின் இயக்குநர் யோஷிதா வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் ஆட்டத்திற்குள் வீடு வாங்கியவர்களுக்கு இந்தத் தாராளம் பொருந்தாது. 45 நாள்கள் அந்த வீட்டிற்குள் போகாமல் இருந்தால் அது இடிக்கப்பட்டுவிடும் என்பது விதி. ஆடாத மாதங்களுக்கும் பணம் கட்ட வைக்கும் இந்த ஏற்பாட்டைத் தவிர்க்கவே நான் வீடு வாங்கவில்லை. (எங்கள் குழுவின் பொது வீட்டில் ஒரு அறை போதும்.)

எனக்குள்ள பெரிய ஆட்சேபம் வேறு. சந்தா கட்டுகிறவர்களும் ஒவ்வொரு விரிவாக்கத்தையும் தனியாக விலைக்கு வாங்க வேண்டும். அதற்கு மேல் உடைகளையும் வாகனங்களையும் கதையைத் தாண்டிச் செல்லும் வசதியையும் விற்கும் கடை ஒன்றும் இருக்கிறது. விரிவாக்கத்தின் விலையை ஒப்புக்கொள்கிறேன். கடையை ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாதக் கட்டணம் வாங்கிய பிறகு செய்யப்படும் உடை, ஆட்டத்திற்குள்ளேயே உழைத்துப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும்.

எல்லா ஆட்டங்களும் சந்தா கேட்கலாம் என்றும் நான் சொல்லமாட்டேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014 ஏப்ரலில் கட்டாயச் சந்தாவோடு வந்து, அடுத்த மார்ச்சிலேயே அதைக் கைவிட்டது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004இல் அமெரிக்காவில் வைத்த 14.99 டாலரை இன்றும் மாற்றவில்லை என்று பாராட்டுகிறார்கள். அன்று டாலர் ஏறத்தாழ 45 ரூபாய் என்பதால், ரூபாயில் சம்பாதிப்பவருக்கு அந்த மாறாத விலையும் ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. மாதத்தில் இரண்டு மாலைகள் மட்டும் ஆடக் கிடைக்கும் ஒருவருக்கு மாதச் சந்தா வீண்செலவு. அவர் மாதச் சந்தா கேட்காத கில்ட் வார்ஸ் 2 பக்கம் போகலாம். அல்லது ஃபைனல் ஃபேண்டஸி 14இன் இலவசப் பதிப்பில் 70ஆம் நிலை வரை கால வரம்பின்றி ஆடலாம். ஆனால் முழு ஆட்டத்தை வாங்கிய கணக்கு இலவசப் பதிப்பிற்குத் திரும்ப முடியாது என்பதால், அவசரப்பட்டு வாங்கிவிட வேண்டாம்.

என் சந்தா இப்போது நிறுத்தத்தில் இருக்கிறது. அடுத்த பெரிய பேட்ச் (புதுப்பிப்பு) வந்ததும் ஒரு மாதத்திற்குக் கட்டுவேன்.