என்பிடெல் படிப்புகள்: பெங்களூரு மாணவர்களுக்கு ஒரு மதிப்புரை

பெங்களூருவில் பொறியியல் பாடம் நடத்தும் என்னிடம், ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் பலர், என்பிடெல் இணையவழிப் படிப்புகளில் சேர்ந்தால் பயன் உண்டா என்று கேட்கிறார்கள். நிச்சயமாக உண்டு, தேர்வு நெருங்கும்போது மட்டுமே புத்தகத்தைத் திறக்கும் வழக்கத்தை இதுபோல் மாற்றிய வேறொன்றை நான் கண்டதில்லை.

நம் ஊரார் இன்றும் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐஐடிகளும் இணைந்து 2003இல் தொடங்கிய இத்திட்டம், முதலில் காணொளிப் பாடங்களின் தொகுப்பாகவே இருந்தது. 2014இல் சான்றிதழ்ப் படிப்புகள் வந்த பிறகுதான் அதற்குக் காலக்கெடுவும் ஒழுங்கும் அமைந்தன. 4, 8, 12 வாரப் படிப்புகளில் சேர்வதற்கும் பாடம் கேட்பதற்கும் கட்டணம் கிடையாது. தேர்வு எழுத விரும்புவோர் மட்டும் கட்டினால் போதும்.

வாரந்தோறும் புதிய காணொளிகளும், குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டிய பயிற்சி வினாக்களும் வருகின்றன. பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. முறையே 10, 30 மதிப்பெண்களாவது பெற்றால்தான் சான்றிதழ். பயிற்சி விடைகளை யூடியூபில் பார்த்து எழுதிவிடும் பழக்கம் பரவியிருப்பது வருத்தமளிக்கிறது என்றாலும், கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுதும் தேர்வுக்கு இவ்வளவு எடை தந்திருப்பதால், படிக்காதவர் தேறுவது கடினம்.

எனக்கு மிகவும் பிடித்தது, இது மாணவர்களுக்கிடையே உருவாக்கும் உறவு. ஒரே படிப்பில் சேர்ந்த வெவ்வேறு துறை மாணவர்கள் கெடு நாளுக்கு முந்தைய இரவில் விடுதி அறையில் கூடி, ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தைத் தமிழில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள். வகுப்பில் வாய் திறக்காதவர்கள்கூட அங்கே கேள்வி கேட்கிறார்கள். சில பாடங்களுக்குத் தமிழாக்கமும் இருப்பதால், தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் தொடக்க வாரங்களின் தயக்கத்தைக் கடந்துவிடுகிறார்கள்.

ஆய்வகப் பயிற்சிக்கு இது மாற்றாகாது. கருவியைக் கையாண்டு பழக வேண்டிய பாடங்களைக் கல்லூரியிலேயே படிப்பது நல்லது. கணிதம், நிரலாக்கம், பொருளியல் போன்றவற்றுக்கு இது மிகப் பொருத்தம்.

ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் வழியே படித்து, பட்டப்படிப்பின் கணக்கில் சேரும் கிரெடிட் பெறப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. என்பிடெல் படிப்புகளும் அத்தளத்தில் உள்ளன. ஆயினும் எந்தப் படிப்பை ஏற்பது என்பதை அவரவர் கல்வி நிறுவனமே முடிவு செய்வதால், தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதன்முறை சேர்பவர்கள், கல்லூரிப் பாடச்சுமையும் கூடவே இருப்பதால், ஒரு பருவத்துக்கு ஒரு படிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.